கடல்கட்டி காடு கட்டிய கதை

தூத்துக்குடிக் கடலில் இன்றுவரை எந்தச் சுறாவும் எந்த மனிதனையும் முழுசாக விழுங்கியதில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். இதை நான் சொல்லவில்லை. அந்த ஆளே சொன்னார். "கை காலு போனவன் ஊருக்குள்ள எத்தனை பேரு இருக்கான், அதுக்கு என்ன சொல்லுதீரு?" என்று மடக்கினால், "அவனெல்லாம் எங்கிட்ட சொல்லாமக் குளிச்ச பயலுவ" என்று ஒரே வார்த்தையில் கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு புனிதரின் பெயரை வைத்திருப்பார்கள். எங்கள் ஆபீஸில் அது யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் கடல்கட்டி. இவரைப் பற்றி எழுத இதற்கு முன் இரண்டு தடவை உட்கார்ந்து, பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். சிரிக்கச் சிரிக்க எழுதலாம். கஷ்டம் என்னவென்றால், பாதிக் கதைக்கு மேல் நான் வந்துவிடுகிறேன்.

கடல்கட்டி என்பது அவருடைய குலத்தொழில். முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். அது சர்க்கார் சொத்து. சிப்பி முற்றியிருக்கிறது என்று சர்க்கார் பார்த்துச் சொல்லிப் பாரைத் திறந்துவிட்டால்தான் யாரும் முத்துக் குளிக்கலாம். திறந்தாலும், கடல்கட்டி வந்து சுறாக்களின் வாயைக் கட்டாமல் ஒரு குளியாளிகூடத் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். வாயைக் கட்டுவது என்றால் கயிறு எடுத்துக்கொண்டு சுறாவைத் துரத்துவது இல்லை. கரையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லி, ஒரு நூலில் படகுக்கு ஒரு முடிச்சுப் போடுவார். எல்லாப் படகும் திரும்பும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. பல்லில் படுகிற எதையும் தின்னக் கூடாது. கருப்பட்டித் தண்ணீர் மட்டும்தான். திரும்பி வந்த படகுக்காரன் அவர் உள்ளங்கையில் ஒரு சிப்பி வைப்பான். அவர் ஒரு முடிச்சை அவிழ்ப்பார். கடைசி முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் எழுந்து சோறு தின்பார்.

இவருடைய கெட்ட நேரம், இவருக்குக் கல்யாணமான வருஷத்தோடு குளிப்பு நின்றுபோனது. சர்க்கார் ஆட்கள் வருஷாவருஷம் போய்ப் பாரைப் பார்ப்பார்கள், சிப்பி போதாது என்று திரும்பிவிடுவார்கள். அப்புறம் யுத்தம். தொழிலில்லாத கடல்கட்டி எங்கள் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் பியூனாக வந்து சேர்ந்தார். நான் அங்கே டாலி கிளார்க். தோணியில் கப்பலுக்குப் போய் இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது என் உத்தியோகம்.

ஆபீஸில் அவர் கட்டாதது எதுவும் இல்லை. டைப்ரைட்டரில் எழுத்து ஒட்டிக்கொண்டால் ஒரு முடிச்சு. கூரை ஒழுகினால் ஒரு முடிச்சு. துரையின் நாயை ஒருநாள் வாய் கட்டினார். கட்டிய கையோடு அது அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. மஞ்சளை வைத்துத் தேய்த்துக்கொண்டே, "மந்திரத்துல பெசகு இல்ல தம்பி, நாயி கரைப்பிராணியல்லா" என்றார். யுத்த காலத்தில் ஜப்பான் நீர்மூழ்கி வருகிறது என்று ஊரே நடுங்கியபோது, "நீரு அதைக் கட்டுவீரா?" என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய் எங்கன இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றார்.

மாதா கோயில் சாமியாருக்கு இவர் மந்திரம் பிடிக்காது. கூப்பிட்டுக் கண்டித்தார். கடல்கட்டி பணிவாக ஒரு ராஜி சொன்னார்: "சாமி, மந்திரத்துக்கு முன்னால ஒரு சிலுவை போடுதேன், பின்னால ஒரு சிலுவை போடுதேன். நடுவுல இருக்கது அங்கன மேல தெரியாது." சாமியார் சிரிப்பை அடக்குவதற்காக ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாராம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்களுக்கு மலை ஆசை வந்தது. எங்களுக்கு என்றால் ஐந்து பேருக்கு: ஹெட்கிளார்க் அண்ணாச்சி, ஊர்ப்பெயராலேயே அழைக்கப்பட்ட நாசரேத், காயல், புதுக்கோட்டை என்ற மூன்று கிளார்க்குகள், பிறகு நான். நாசரேத்துக்கு ரேஞ்சர் ஆபீஸில் ஒரு மைத்துனர் இருந்தார். பாபநாசத்துக்கு மேலே இருக்கும் ரிசர்வ் காட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர அவர் பாஸ் வாங்கிக் கொடுத்தார். பாஸ் ஐந்து பேருக்குத்தான்.

இங்கேதான் முதல் வெட்கம். சோற்று மூட்டையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். கடல்கட்டியிடம், "மலைக்கு வாரீரா?" என்று கேட்டோம். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஐம்பது வயதுவரை அவர் மலையைத் தொட்டதில்லை. பாஸ் ஐந்து பேருக்குத்தான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஹெட்கிளார்க் அண்ணாச்சி. நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை ரயிலேறி, அம்பாசமுத்திரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் கரிவாயுவில் ஓடும் பஸ் ஒன்றைப் பிடித்து மலையடிவாரம் போனோம். மேட்டில் அந்த பஸ் எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் அதைத் தள்ளியது அதிகம். பிறகு நாலு மைல் ஏற்றம். புளிச்சோற்றுப் பெட்டி, பொரித்த சீலா மீன், ஹெட்கிளார்க் அண்ணாச்சியின் மடக்கு நாற்காலி, இத்தனையும் கடல்கட்டியின் தலையிலும் தோளிலும். அவர் மட்டும்தான் மூச்சு வாங்காமல் ஏறினார்.

காட்டு கேட்டில் ஒரு ஃபாரஸ்ட் கார்டு நின்றார். அந்த மலை முழுவதும் அவருக்கு மாமனார் சீதனமாகக் கொடுத்தது என்று நினைக்கும்படியான முகம். பாஸை வாங்கி எண்ணினார். எங்களை எண்ணினார்.

"அஞ்சு பேருக்குத்தான் இருக்கு. ஆறாவது ஆளு உள்ள போகக் கூடாது."

ஹெட்கிளார்க் அண்ணாச்சி மரத்தைப் பார்த்தார். நாசரேத் தன் தொப்பியைச் சரிசெய்தார். நான் செருப்பு வாரை இழுத்துவிட்டேன். கடல்கட்டி எங்கள் ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சிரித்தார்.

"நான் எதுக்குங்க உள்ள போறேன்? கட்டுதவன் கரையிலல்லா இருக்கணும்? புலி, சிறுத்தை எல்லாம் உள்ள கெடக்கு. வாயக் கட்டாம இவுகள எப்படி அனுப்புததுன்னு நானே யோசிச்சிட்டிருந்தேன்."

கார்டு இதைக் கேட்டு முழித்துவிட்டு, தன் சட்டங்களை ஒப்பிக்க ஆரம்பித்தார். "எலை, பூ, காய், கல்லு, குச்சி எதுலயும் கை வைக்கக் கூடாது. தீப்பெட்டி இருந்தா இங்கன வச்சிட்டுப் போங்க. சத்தம் போடக் கூடாது."

"மூச்சு விடலாமா?" என்றார் புதுக்கோட்டை.

கடல்கட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நக்கலடிக்காதிய தம்பி. இதுவும் ஒரு பாருதான், மூடிக் கெடக்கு, அவ்வளவுதான். மூடிக் கெடக்கதுல கை வச்சா அப்புறம் என்ன மிஞ்சும்? அவுக சொல்லுதது நாயம்."

கார்டு அப்போதுதான் அவரை மனிதராகப் பார்த்தார். "நீரு எந்த ரேஞ்சு?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கேட்டை ஒட்டி, கார்டு குடிசையின் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு பாறை இருந்தது. கடல்கட்டி அதில் சம்மணம் போட்டார். லேஞ்சியை அவிழ்த்தார். கைக்குட்டையைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வோம். அதற்குள்ளிருந்து நூலை எடுத்து, ஒரு சிலுவை, ஒரு நீண்ட முணுமுணுப்பு, மறுபடி ஒரு சிலுவை. ஆளுக்கு ஒன்றாக ஐந்து முடிச்சு.

"வழக்கப்படி ஆளுக்கு ஒரு சிப்பி எனக்கு வரணும். இங்கன எதையும் எடுக்கக் கூடாதுன்னுட்டாவ. அதனால திரும்பி வந்து வெறுங்கையக் காட்டுங்க. என் கையில வச்சுக் காட்டணும். அஞ்சு கையும் வந்தப்புறம் எந்திரிச்சு வாரேன்."

சுமையை எங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, நாங்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

அந்தக் காட்டைப் பற்றி என்ன சொல்ல? உப்புக்காற்றிலும் மணலிலும் வளர்ந்த எங்களுக்கு, காலுக்குக் கீழே மண்ணே தெரியாதபடி இலை கிடந்தது பெரிய ஆச்சரியம். பூனை அளவுக்கு ஒரு மலையணில், மேல்கிளையிலிருந்து எங்களைத் திட்டித் தீர்த்தது. இருவாச்சிப் பறவை ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது, அதன் சிறகுச் சத்தத்துக்கு காயல் பயந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பே இல்லலே, உப்பே இல்லலே" என்று ஹெட்கிளார்க் அண்ணாச்சி நாலு தரம் சொன்னார். தூத்துக்குடியில் நல்ல தண்ணீருக்கு நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தானே தெரியும்.

மூன்று மைல் உள்ளே ஓர் அருவி. அதன் அடியில் நின்ற அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குள் கிளார்க்கும் இல்லை, ஹெட்கிளார்க்கும் இல்லை. உதடு நீலம் பாரிக்கும்வரை ஆடினோம். எப்போதும் ஜன்னலை மூடச் சொல்லும் அண்ணாச்சி, கோவணத்தோடு பாறையில் ஏறி நின்று கும்மாளம் போட்டார். நாசரேத் தன் தொப்பியைக் கழற்றி ஒரு கல்மேல் வைத்தார். அதை அங்கேயே மறந்துவிட்டார்.

திரும்பும்போது எல்லோர் காலிலும் அட்டை. அண்ணாச்சிக்குக் குதிகாலில் கொப்புளம் வேறு. பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேலே போனால் அரை மைலில் கேட். கீழே இறங்கினால் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரக் காண்டிராக்டரின் லாரி ஒன்று புறப்பட நின்றது. நேரே அம்பாசமுத்திரம் போகிறதாம். எங்களை ஏற்றிக்கொள்ள டிரைவர் சம்மதித்தார், ஆனால் வெகுநேரம் நிற்கமாட்டேன் என்றார்.

"ஏலே, நீ சின்னவன். ஓடிப்போயி கடல்கட்டியக் கூட்டிட்டு வா" என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து.

நான் ஏறினேன். நூறடி ஏறியிருப்பேன். அட்டை கடித்த இடமெல்லாம் எரிந்தது. ஒரு திருப்பம் வந்தது. அங்கிருந்து கீழே நிற்பவர்களுக்கு என்னைத் தெரியாது. அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். கேட்டுக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அதில் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, மூச்சிரைக்க ஓடிவருகிற மாதிரி ஓடிவந்தேன்.

"அவருக்கு மலை பிடிச்சுப்போச்சாம் அண்ணாச்சி. கார்டு கூட ரெண்டு நாள் இருந்துட்டு வாராராம்."

"லீவு கேக்காமயா?"

"நம்மளப் புறப்படச் சொல்லிட்டாரு."

லாரி புறப்பட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கால் வலித்தது. அவர் பியூன். எப்படியும் கீழே இறங்கி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை.

திங்கட்கிழமை கடல்கட்டி வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் சம்சாரம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு, "எங்க வீட்டு ஆளு எங்க?" என்று கேட்டார்.

"அவரு ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்னு சொன்னாரு" என்று என் பொய்யை அவரிடமும் சொன்னேன்.

"முடிச்சுப் போட்டிருந்தாரா?"

"ஆமா."

"எத்தனை முடிச்சு அவிழ்ந்துச்சு?"

நான் டாலிப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆளு எண்ணாம அவரு எந்திரிக்க மாட்டாரே, தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உடனே அண்ணாச்சியிடம் போய் என் அத்தை இறந்துவிட்டாள் என்று லீவு கேட்டேன்.

"பங்குனியில செத்தது யாருலே?"

"அது மூத்த அத்தை."

"எத்தனை அத்தைலே மிச்சம் இருக்கு?" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலையில் அந்த நாலு மைல் ஏற்றத்தை ஏறினேன். பாறையில் கடல்கட்டி உட்கார்ந்திருந்தார். அதே சம்மணம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாழ்வாரம் மறைத்த பாதி உடம்பு காய்ந்தும் மீதிப் பாதி நனைந்தும் இருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் நூல், ஐந்து முடிச்சோடு.

என்னைக் கண்டதும் கார்டுதான் ஓடிவந்தார். அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "உசிரோட இருக்கியளா? அருவிக்கரையில தொப்பி கெடந்துச்சேய்யா! அஞ்சு பேரும் தண்ணியில போயிட்டியன்னு மேல எழுதிப்போட காகிதம் எடுத்தேன். இந்த மனுசன் விடல. ‘அவுகளுக்கு ஒண்ணும் ஆகல, முடிச்சு என் கையில இருக்கு’ன்னு ஒரே பிடி. கஞ்சி குடிக்கச் சொன்னா மாட்டேங்காரு. நாலு நாளா கருப்பட்டித் தண்ணி."

கடல்கட்டியிடம் போனேன். உள்ளங்கையை நீட்டினார். நான் என் கையை அதன்மேல் வைத்தேன். கையைத் திருப்பிப் பார்த்து, ஒரு முடிச்சை அவிழ்த்தார்.

"மத்த நாலு பேரும் எங்கன?"

"தூத்துக்குடியில இருக்காவ. பத்திரமா இருக்காவ. எந்திரிங்க, போவோம்."

"கண்ணால காணாம அவிழ்க்கக் கூடாது தம்பி. கட்டுனது இங்கன. அவிழ்க்கதும் இங்கனதான்."

நான் கெஞ்சினேன். சத்தியம் செய்தேன். புலியாவது கிலியாவது என்று கத்தினேன். அவர் கருப்பட்டித் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். கடைசியில் அவர் காலடியில் உட்கார்ந்து, மரத்தடியில் உட்கார்ந்ததிலிருந்து அத்தையைச் சாகடித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவரை அதுவரை, பியூன்தானே என்று, ‘வே’ போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக, "தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் மிச்சமிருந்த நாலு முடிச்சையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "கால் ரொம்ப வலிச்சுதோ?" என்று கேட்டார்.

அன்றைக்கே கீழே இறங்கி அம்பாசமுத்திரத்திலிருந்து தந்தி கொடுத்தேன்: ‘கடல்கட்டி கவலைக்கிடம். நால்வரும் உடனே வரவும்.’ ஞாயிற்றுக்கிழமையே நான் கேட்வரை போய்க் கேட்டு வந்திருந்தால் நாலு பேரும் அரை மைல் மேலே நடந்து வந்து கையைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். என்னால் அந்த அரை மைல் இப்போது அறுபது மைல் ஆகிவிட்டது.

திரும்பி மேலே வந்து சாயங்காலம்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன். "உள்ள என்னல்லாம் பாத்தியன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். மலையணில் திட்டியதைச் சொன்னேன். காயல் தரையில் உட்கார்ந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி கோவணத்தோடு நின்றதைச் சொன்னபோது, பட்டினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அருவி எவ்வளவு உயரம், சத்தம் எப்படி இருந்தது, தண்ணீர் மேலே விழும்போது கண்ணைத் திறக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இந்தத் தண்ணிதானே நம்ம புன்னக்காயல்ல வந்து கடல்ல விழுது?"

"ஆமா."

"அப்பம் நான் பாத்த தண்ணிதான்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பிறகு சொன்னார், "பாரையும் நான் பாத்தது கிடையாது தம்பி. குளிச்சிட்டு வாரவன் சொல்லுவான், அடியில அப்படி இருக்கு, இப்படி இருக்குன்னு. நான் கரையில இருந்து கேட்டுக்கிடுவேன். கேட்டதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல."

வியாழக்கிழமை நடுப்பகலுக்குள் நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். என் தந்தியைப் படித்துவிட்டு அவரை அடக்கம் செய்வதற்கே வந்திருந்தார்கள். நாசரேத் கையில் பைபிள். புதுக்கோட்டை கையில் வாடிப்போன ஒரு ரோஜா மாலை. பாறையில் உட்கார்ந்திருந்த உருவத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு காயல், "மவுத்தாயிட்டாவளா, ஹயாத்தோட இருக்காவளா?" என்று, இறந்தாரா உயிரோடிருக்கிறாரா என்பதைத் தன் ஊர்ப் பேச்சில் அங்கிருந்தே கேட்டுக் கூவினார்.

"கையக் கொண்டாங்க தம்பி" என்றது உருவம்.

மூச்சு வாங்க, வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கையை வைத்தார்கள். கடைசியாக ஹெட்கிளார்க் அண்ணாச்சி. கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. கடல்கட்டி எழுந்திருக்க முயன்று முடியாமல் கார்டின் தோளைப் பிடித்துக்கொண்டார். கார்டு கஞ்சிச் சட்டியை அவர் வாயருகே பிடித்தார்.

அண்ணாச்சி கத்த ஆரம்பித்தார். "என்னய்யா கூத்து இது? ஞாயித்துக்கிழமை இவன் வந்து உம்மைக் கூப்பிட்டானா, இல்லையா?"

 கடல்கட்டி கஞ்சியை நிறுத்தி, வாயைத் துடைத்தார்.

"வந்தாவ. கூப்பிட்டாவ. நாந்தான் மலை நல்லா இருக்கு, இருந்துட்டு வாரேன்னேன். அப்புறம் முடிச்சு நெனப்பு வந்துட்டுது. எம்மேலதான் தப்பு."

சுறாவைப் பற்றித் தவிர வேறெதிலும் பொய் பேசாத மனிதர் அவர். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். கார்டு வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாறையடியில் நான் சொன்னதெல்லாம் அவருக்கும் கேட்டிருந்தது. நான் புதுக்கோட்டையின் கையிலிருந்த ரோஜா மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்டு, "பாஸ் கெடக்கட்டும், இந்த மனுசனை நான் அருவிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றார். அண்ணாச்சி, பஸ் போய்விடும் என்று கடல்கட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். முதல் திருப்பத்தில் கடல்கட்டி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த காடு அவ்வளவுதான்.

சொல்லாமல் நான்கு நாள் வராததற்காக அவரை ஆபீஸிலிருந்து தூக்கித் தோணித்துறைக் கிட்டங்கிக்குக் காவலாகப் போட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே முக்காலியில் இருந்தவர், கொளுத்துகிற வெயிலில் சரக்குக் கொட்டகை வாசலுக்குப் போனார். அப்போதும் நான் பேசவில்லை. வருஷங்கள் கழித்து ஹெட்கிளார்க் அண்ணாச்சி ஓய்வு பெற்ற அன்று, இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கடல்கட்டியிடம் போய் நின்றேன். "வேண்டாம் தம்பி, அவிழ்த்த முடிச்ச மறுபடி போடக் கூடாது" என்றார். எனக்கு வசதியாக இருந்ததால் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டேன். ஹெட்கிளார்க் அண்ணாச்சியும் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பாறையடிக்குப் பிறகு உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்லுகிறேன்.

ஒன்று விட்டுவிட்டேன். அவர் கிட்டங்கிக்குப் போன முதல் நாள் காலை, தோணி ஏறப் போகும்போது அவர் கண்ணில் படாமலிருக்க மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். சாயங்காலம் கப்பலிலிருந்து திரும்பி இறங்கினால், எதிரில் நிற்கிறார். கையில் நூல். அதில் ஒரே ஒரு முடிச்சு.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். அவிழ்த்தார். மறுநாளும். அதற்கு மறுநாளும். மழையானாலும் காய்ச்சலானாலும் நான் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் அவர் எனக்கு ஒரு முடிச்சுப் போட்டார். நான் கேட்டதே இல்லை. என் கையை வைக்கும்போதெல்லாம் அந்தப் பாறை ஞாபகம் வந்து முகம் சுடும். ஒருநாள்கூட வைக்காமல் வந்ததில்லை. பிற்பாடு பார் திறந்து முத்துக் குளிப்பு நடந்தபோது, கட்டுவதற்கு அவர் உயிரோடு இல்லை.

இப்போதும் வெளியூர் போய்விட்டு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் வலது கை தானாக விரிந்து நீள்கிறது. போன மாதம் மருமகள் பார்த்துவிட்டு, "யாருக்கு மாமா கையக் காட்டுதிய?" என்று கேட்டாள்.

வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.